நான்காம் கட்டிலில் எடை போட்ட தண்ணீர்

எனக்குப் பட்டம் கிடையாது. மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை விரட்டியபோது எனக்கு எட்டு வயது. புத்தளத்தில் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டு பதினோராம் ஆண்டுச் சாதாரண தரம் வரை படித்தேன். பிறகு கற்பிட்டிப் பக்கத்தில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் ஓர் இடத்தில் மெஷின் வேலை பழகினேன். யுத்தம் முடிந்து சில வருடங்களில் இந்தக் கரையிலுள்ள ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் கருவி திருத்தும் வேலை கிடைத்தது. ஃபிரிட்ஜ், ஏசி, கொதிநீர்ப் பெட்டி, டொக்டரின் தலைக்கு மேல் ஓடும் ஃபேன் என்று எல்லாம் என் தலையில்தான். எல்லோரும் என்னை நானா, அதாவது அண்ணன், என்பார்கள். கோபம் வந்தால் சிலர் ஃபிரிட்ஜ் பாஸ் என்பார்கள்; பாஸ் என்றால் இங்கே கைவேலைக்காரன். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் எழுதப்போகும் வேலையைப் பட்டம் பெற்றவர்கள் செய்திருக்க வேண்டும். அவர்கள் செய்யவில்லை. நான் செய்தேன்.

மூச்சு எடுக்கும்போது காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது மூக்கின் வேலை. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தால் காற்று மூக்கு வழியாகப் போவதில்லை. ஆஸ்பத்திரி ஒட்சிசன் சொட்டு ஈரமும் இல்லாத காற்று. அதை அப்படியே நெஞ்சுக்குள் விட்டால் சளி காய்ந்து குழாயை அடைத்துவிடும். அதனால் வழியில் ஒரு கருவி வைப்போம். சூடான தட்டு, அதன் மேல் வடித்த தண்ணீர் நிறைந்த ஒரு குடுவை, குடுவைக்குள்ளால் போகும் காற்று. அவ்வளவுதான். பெயர் ஈரமூட்டி. மூக்கு சும்மா செய்கிற வேலையை அது கரண்ட் குடித்துச் செய்கிறது.

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பழைய ஈரமூட்டிகள் எல்லாம் செத்துப்போயிருந்தன. வெளிநாட்டு நன்கொடையில் புதிதாக ஆறு வந்தன. ரிபன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், கேக் கொடுத்தார்கள். மறுநாளே கட்டில்களில் பொருத்திப் பூட்டியாயிற்று, வேறு இல்லையே. அதற்குப் பிறகுதான் எனக்கு ஆறு தாள்கள் வந்தன. ‘கருவி பரிசோதிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. பரிசோதிக்கப்பட்டதா? யார் பரிசோதித்தது? கேட்டால், “கொம்பனிக்காரங்க கொழும்பிலயே செஞ்சிட்டாங்க, நீங்க சைன் மட்டும் வைங்க” என்றார்கள்.

நான் வைக்கவில்லை. என் பெயர் செய்யாத வேலைக்குக் கீழே போகாது. தாள்களை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

எப்படிப் பரிசோதிப்பது என்று எனக்குத் தெரியும். ஈரமூட்டிகளுக்கென்று உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு தர ஏடு இருக்கிறது. அதன் பிரதி ஒன்று எங்கள் அறையில் தூசி பிடித்துக் கிடந்தது. முழுக்க இங்கிலீஷ். ஒரு நோன்பு மாதம் முழுவதும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். சுருக்கம் இதுதான். குடுவையைத் தண்ணீரோடு நிறு. உலர்ந்த காற்றை ஓர் அளவில் ஒரு மணி நேரம் விடு. மறுபடி நிறு. எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை தண்ணீர் காற்றோடு போயிருக்கிறது. குழாயில் தேங்கி நிற்பது நோயாளிக்குப் போகாத தண்ணீர், அதைக் கழித்துவிடு. தொண்டைக் குழாய் உள்ளவருக்கு ஒரு லீட்டர் காற்றில் முப்பத்து மூன்று மில்லிகிராமாவது இருக்க வேண்டும். நிமிடத்துக்கு முப்பது லீட்டர் விட்டால் ஒரு மணி நேரத்தில் ஐம்பத்தொன்பதரைக் கிராம் அளவு குறைய வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

கணக்குச் செய்ய நான் இருந்தேன். தராசுதான் இல்லை. ஆய்வுகூடத்துத் தராசு அந்தப் பாரத்தைத் தாங்காது.

இதற்கிடையில் நான்காம் கட்டிலில் ஒரு மீன்காரர் படுத்திருந்தார். கற்பிட்டிக் கரை, நாற்பது வயது இருக்கும். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கால் விழுந்து, கை விழுந்து, கடைசியில் மூச்சுத் தசையும் விழுந்துவிட்டது. டொக்டர் அவருடைய மனைவிக்குச் சொன்னபோது நானும் பக்கத்தில் ஒரு பிளக்கைக் கழற்றிக்கொண்டு நின்றேன். “இந்த வருத்தம் தானா வந்த மாதிரி தானாத் திரும்பிப் போகும். மாசக்கணக்கு எடுக்கும். அதுவரைக்கும் தொண்டைக் குழாய் அடைபடாம இருக்கணும்.” மூச்சு மெஷினிலிருந்து அவரைக் கழற்றியிருந்தார்கள். தானாக மூச்சு எடுத்தார், ஆனால் ஒட்சிசன் வேண்டும், குழாய் வேண்டும். கண் இமையும் வலது கைவிரல்களும் மட்டும் அசைந்தன.

ஒரு நாள் பிற்பகல் அந்தக் குழாய் அடைத்துவிட்டது. ஆள் நீலமாகிவிட்டார். வார்டுப் பொறுப்புத் தாதி உட்குழாயை உருவி எடுத்து மாற்றித்தான் ஆளைப் பிடித்தார். சிலாபத்து மனுசி. சிஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வாயும் கையும் ஒரே வேகம். உருவிய குழாயைத் தட்டில் வைத்துக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார்.

“நானா, இத பாருங்க.”

குழாயின் வாயில் சளி மஞ்சளாக, மரப்பிசின் மாதிரி இறுகிக் கிடந்தது.

“ஈரமூட்டி வேலை செய்யுதுதானே சிஸ்டர்? நான் காலையில கையை வெச்சிப் பாத்தேன். குழாய் நல்ல சூடு.”

“சூடு இருக்கு. நானும் கை வெச்சிப் பாத்தேன். சூட்ட வெச்சி என்ன செய்ய, இடியப்பமா அவிக்க? காலையில சளி நல்லா வருது. ரெண்டு மணி தாண்டினா கல்லு. மூணு நாளாப் பாக்குறேன்.”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நானும் எல்லோரையும் போலக் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறேன். தாள் நிறையப் படித்தவன், கையால் தொட்டு ஈரம் அளந்திருக்கிறேன். வெயில் காலத்தில் எங்கள் கரையில் எதைத் தொட்டாலும் சூடுதான்.

அன்றைக்கே பஸ் ஏறி மதுரங்குளிக்குப் போனேன். அங்கே எங்களோடு இடம்பெயர்ந்து வந்த ஒருவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன், நகைக்கடை வைத்திருக்கிறார். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் தராசு அவரிடம் இருந்தது.

“என்ன நிறுக்கப் போறாய்? யாருக்குக் கல்யாணம்?”

“தண்ணி.”

“என்னது?”

“தண்ணி நிறுக்கப் போறேன் காக்கா.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “தங்கம் விக்கிற விலைக்கு நீ தண்ணிக்கு வந்துட்டியா? கொண்டு போ. உப்புக் காத்துப் படாமப் பாத்துக்க. ஃபேனை நிப்பாட்டிட்டு நிறு, இல்லாட்டி அது ஆடிக்கிட்டே இருக்கும்.” அந்தப் புத்தி எனக்கு இருந்திருக்காது. அவருக்கு நன்றி.

மறுநாள் காலை கொழும்பிலிருந்து கொம்பனியின் இன்ஜினியர் வந்திறங்கினார். கழுத்துப்பட்டி கட்டிய தமிழ்ப் பெடியன். கெட்டவன் இல்லை. ஆனால் வரும்போதே பேனையைத் திறந்துகொண்டு வந்தான்.

“நானா, நீங்க சைன் வெச்சா நான் பதினொரு மணி பஸ்ஸப் பிடிச்சிருவேன்.”

“டெஸ்ட் செஞ்சிட்டு வெக்கிறேன். ஒரு மணித்தியாலம்.”

அவன் முன்னாலேயே, தொண்டைக் குழாய் இல்லாத ஒருவரின் கட்டிலில் சும்மா இருந்த ஈரமூட்டியை எடுத்து, குடுவையை நிறுத்தேன், எழுதினேன். நான்காம் கட்டிலில் இரண்டாவது ஒட்சிசன் வாய் சும்மா இருந்தது, அதில் பூட்டி ஓடவிட்டேன். இருவரும் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்து, குடுவையின் வெளியே வேர்த்திருந்த நீரைத் துடைத்துவிட்டுத் தராசில் வைத்தேன்.

முப்பத்தொரு கிராம் கூடியிருந்தது.

இன்ஜினியர் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு பொத்தவில்லை. “நானா, உங்கட ஊர்ல காத்துல இருந்து தண்ணி ஊறுதா? இது நல்ல சாமானாச்சே, தண்ணி கொண்டு வர்ற பவுசர் லொறி தேவையில்ல!”

நான் வார்டைச் சுற்றிப் பார்த்தேன். சுவரோரம் எங்கள் வேலையாள் தாத்தா நின்றார். எங்கள் பேச்சில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. அவரும் மன்னாரிலிருந்து வந்தவர். கையில் வடித்த தண்ணீர்ப் போத்தல்.

“தாத்தா, நீங்க இதுக்குள்ள ஊத்தினீங்களா?”

“ஓம். குறஞ்சி கெடந்திச்சி, ஊத்தினேன்.”

“டெஸ்ட் போகுதுன்னு சொன்னேன்தானே!”

“டெஸ்டுன்னா தண்ணி வேணாமா? ஏசாதங்க மகன். நம்மட ஊட்ல ஒரு பாத்திரம் குறஞ்சி கெடந்தா சும்மா பாத்துக்கிட்டு இரிப்பமா? நாளைக்கி பவுசர் வருமோ வராதோ.”

அகதிக் கொட்டிலில் வளர்ந்த யாரும் அரைக் குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டோம். தண்ணீர் கிடைத்தால் நிரப்பு. அவருடைய கை தானாகப் போயிருக்கிறது. என் உம்மா இருந்திருந்தாலும் ஊற்றியிருப்பார். நான்தான் குடுவைக்கு மேல் ஒரு தாளாவது ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாதது என் பிழை.

விசயம் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான பெரிய டொக்டரின் அறைக்குப் போய்விட்டது. இன்ஜினியர் அங்கே ஒழுங்காகத்தான் பேசினான், ஆனால் என்னைப் பார்த்துப் பேசவில்லை. “சேர், ஃபிரிட்ஜ் பாஸ் ஒருத்தர் நகைக்கடைத் தராச வெச்சி செய்யிற டெஸ்டுக்கு எங்கட ஆய்வுகூடச் சான்றிதழ் பதில் சொல்லணுமா?”

“இங்கேயே செய்வோம்” என்றேன். “இந்த மேசை மேலேயே. நீங்களே நிறுங்க.”

ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றை உருட்டி வந்தோம். பெரிய டொக்டரின் அறையில் ஏசி நன்றாக ஓடியது. ஒரு மணி நேரம் யாரும் குடுவையைத் தொடவில்லை. குறைந்தது எழுபத்து நான்கு கிராம். தேவையோ ஐம்பத்தொன்பதரை. கருவி அருமையாகத் தேறிவிட்டது.

“இனிச் சைன் வைக்கலாம்தானே?” பெரிய டொக்டர் நல்ல மனிதர், களைத்த மனிதர். அவருக்கு என்னைவிட நூறு தலைவலி.

“ஒரு நாள் தாங்க சேர்.”

“நானா, சாமான் பாஸ்தானே. பிறகென்ன கரைச்சல்?”

“சளி கல்லா வருதே சேர். சாமான் சரின்னா அது எங்கேயிருந்து வருது?”

அவர் ஒரு நாள் தந்தார். இன்ஜினியர் பஸ்ஸை விட்டுவிட்டு அறை எடுத்துத் தங்கினான்.

நான் வெளியே வந்து கோபத்தில் கட்டிடத்தைச் சுற்றி நடந்தேன். இரண்டு மணி இருக்கும். நாட்டுக்கே நுரைச்சோலையில் கரண்ட் செய்கிறார்கள், பக்கத்திலிருக்கும் எங்கள் பிரிவில் இரண்டு ஏசியில் ஒன்று மாதக்கணக்காக ஓடாது. உதிரிப்பாகம் கேட்டு நான் எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு கதிரை உயரம் வரும். அந்த ஏசி நான்காம் கட்டிலின் பக்கத்து ஏசி. மேற்குச் சுவர். அந்தச் சுவரின் வெளியேதான் ஒட்சிசன் செப்புக் குழாய் தகரக் கூரையை ஒட்டி ஓடி, நான்காம் கட்டிலின் தலைமாட்டில் உள்ளே நுழைகிறது. ஏணி வைத்து ஏறி அந்தக் குழாயைப் பிடித்தேன். ஒரு நொடிகூடப் பிடிக்க முடியவில்லை. உள்ளங்கை சிவந்துவிட்டது.

ஏணியிலேயே நின்றேன். எல்லாம் விளங்கிவிட்டது.

ஐஸ் அடிக்கும் இடத்தில் எனக்கு முதலில் விளங்கிய விசயம் இதுதான்: வெப்பமானிக்குத் தான் இருக்கும் இடம் மட்டும்தான் தெரியும். அதன் பக்கத்தில் ஒரு பல்பைத் தொங்கவிட்டால் தொட்டி முழுவதும் சூடு என்று நினைத்து மெஷின் இராப்பகலாக ஓடும். இந்த ஈரமூட்டியும் அப்படித்தான். குடுவையை விட்டு வெளியேறும் காற்று முப்பத்தேழு பாகையா என்று மட்டும் பார்க்கிறது. குளிர்ந்த காற்று வந்தால் தட்டைச் சூடாக்கும், தண்ணீர் ஆவியாகும், காற்று ஈரமாகும். வரும் காற்றே வெயிலில் வெந்து வந்தால்? ‘சூடு போதும்’ என்று தட்டை அணைத்துவிடும். தட்டு அணைந்தால் ஆவி குறைந்துவிடும். கை வைத்துப் பார்த்தால் குழாய் சூடு. உள்ளே போவது பாலைவனக் காற்று.

பெரிய டொக்டரின் அறையில் அது தேறாமல் வேறு எங்கே தேறும்?

மறுநாள் ஒரு மணிக்கே அதே கருவியை நான்காம் கட்டிலருகே பூட்டி, கதிரை போட்டு உட்கார்ந்தேன். தாத்தா தானாக வந்து குடுவைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். “இண்டைக்கி யாரும் ஊத்தினா கைய முறிப்பேன்” என்றார். குடுவைக்குள் போகும் காற்றின் சூட்டை அளக்க வாயில் ஒரு வெப்பமானி சொருகினேன். பெரிய டொக்டர் வந்தார், இன்ஜினியர் வந்தான், சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். மீன்காரரின் மனைவி வெளியே கண்ணாடிக்குப் பின்னால் நின்றார். ஃபேனை நிறுத்தினோம். எல்லோருக்கும் வேர்த்து வழிந்தது. சரியாக இரண்டு மணிக்கு இன்ஜினியரைக்கொண்டே நிறுக்க வைத்தேன்.

மூன்று மணிக்கு அவனே மறுபடி நிறுத்தான். இலக்கத்தைப் பார்த்தான். குடுவையை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தான்.

“எவ்வளவு?” என்றார் பெரிய டொக்டர்.

“நாப்பத்து மூணு கிராம் சேர்.”

“லீட்டருக்கு இருபத்து நாலு மில்லிகிராம்” என்றேன். “முப்பத்து மூணு வேணும். உள்ளே வர்ற காத்து முப்பத்தெட்டுப் பாகை. தட்டுப் பல்பைப் பாத்தீங்கதானே, ஒரு மணித்தியாலத்தில கொஞ்ச நேரம்தான் எரிஞ்சது.”

“இந்த அறை ரொம்பச் சூடு” என்றான் இன்ஜினியர். அவனுடைய குரலில் இப்போது ‘ஃபிரிட்ஜ் பாஸ்’ கிண்டல் இல்லை. “எங்கட சாமான் இருபத்தாறு பாகை அறைக்குச் செஞ்சது. கையேட்டில இருக்கு.”

“அப்ப ஏன் புத்தளத்துக்கு அனுப்பினீங்க?” கத்திவிட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் கத்தக்கூடாது, தெரியும். பையிலிருந்து தாளை எடுத்தேன். சாமான் கேட்டு எங்கள் ஆஸ்பத்திரி அனுப்பிய தாளின் பிரதி. “முப்பத்தைஞ்சு பாகை அறையில வேலை செய்யணும்னு இதில கேட்டிருக்கு. பக்கத்தில உங்கட கொம்பனி ‘ஓம்’ என்று சரி அடிச்சிருக்கு. இண்டைக்கி இந்த அறை முப்பத்து மூணு. இதுக்கு நான் சைன் வைக்கவா?”

சிஸ்டர் இடையில் புகுந்தார். “சண்டைய வெளியில பிடிங்க. எனக்கு ஆள மாத்தணும்.”

அரை மணி நேரத்தில் மீன்காரரைக் கிழக்குச் சுவரோரம் முதலாம் கட்டிலுக்குத் தள்ளினோம். அங்கே குழாய் நிழலில் வருகிறது, ஏசியும் ஓடுகிறது. அங்கே இருந்தவருக்குத் தொண்டைக் குழாய் இல்லை, அவர் முனகிக்கொண்டே நான்குக்குப் போனார். மறுநாள் பிற்பகல் சிஸ்டர் சளி உறிஞ்சும் குழாயைப் போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீர் மாதிரிச் சளி வந்தது. உலகத்தில் சளியைப் பார்த்துச் சந்தோசப்பட்ட ஒரே ஃபிரிட்ஜ் பாஸ் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த பிற்பகல்களில் மற்ற ஐந்தையும் அதே இடத்தில் நிறுத்தேன், ஒன்றும் தேறவில்லை. ஆறு தாளிலும் ‘ஏற்றுக்கொள்ளப்படவில்லை’ என்று எழுதினேன். கீழே காரணத்தையும் அளவுகளையும் என் கையெழுத்தில், பிழை இருந்தாலும் பரவாயில்லையென்று இங்கிலீஷிலேயே எழுதினேன். கையெழுத்தும் வைத்தேன். இது நான் செய்த வேலை.

கொம்பனி, அதுவரைக்கும் பாவிக்க மாற்றுக் கருவிகளை இரவலாக வைத்துவிட்டு, ஆறையும் எடுத்துப்போனது. சில வாரங்களில் திரும்பி வந்தன. உள்ளே வரும் காற்றின் சூட்டையும் பார்த்துத் தட்டை ஓடவிடும்படி உள்பலகையை மாற்றியிருந்தார்கள். அதே இன்ஜினியர்தான் புதிதாக அச்சடித்த ஆறு தாள்களோடு கொண்டு வந்தான். இந்த முறை பேனை சட்டைப் பையில் இருந்தது. தானாகவே கேட்டான்: “நானா, நான்காம் கட்டில் எத்தனை மணிக்குக் காலி?”

ஒரு நாளைக்கு ஒன்றாக ஆறு பிற்பகல்கள். இரண்டு மணி வெயிலில், மேற்குச் சுவரில், நானும் அவனும் மாறிமாறி நிறுத்தோம். ஐந்து நேரே தேறின. மூன்றாவதாகப் பூட்டியது ஐம்பத்தெட்டோடு நின்றுவிட்டது. வெளியே காற்றுக் கசிவதைக் கண்டுபிடித்து மூடியை மாற்றி மறுபடி ஓட்டினோம். அறுபத்தாறு வந்தது.

ஆறாவது நாள் நாங்கள் தராசைக் கட்டிக்கொண்டிருந்தபோது முதலாம் கட்டிலில் யாரோ கையைத் தட்டினார்கள். மீன்காரர். சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அன்று காலைதான் அவருடைய தொண்டைக் குழாய்க்குப் பேச்சு வரும் மூடி போட்டிருந்தார்கள். மனைவி பக்கத்தில் கஞ்சிக் கோப்பையோடு இருந்தார். நான் கிட்டப் போனேன். குரல் தகரத்தில் ஆணி கீறின மாதிரி வந்தது.

“நீதானே ஃபேன நிப்பாட்டுறவன்?”

“ஓம் அண்ணே.”

“ஆறு நாளா மத்தியானத்தில நித்திரை கொள்ள விடல்ல. வேர்த்து ஊத்துது. இந்தத் தண்ணிய நிறுத்து முடிஞ்சுதா இல்லையா?”

அவருடைய மனைவி அவரின் வாயைப் பொத்தப் போனார். “அண்ணே, கோவிக்க வேணாம், இந்த மனுசனுக்கு…”

“முடிஞ்சிது” என்றேன். ஃபேனைப் போட்டுவிட்டு வந்து, நான்காம் கட்டிலின் பக்கத்து மேசையில் புதிய தாள்கள் ஆறையும் விரித்து, ஒவ்வொன்றாகக் கையெழுத்து வைத்தேன்.